வெர்லன் கெச்சமைத் தாண்டிய பையன்

வெர்லன் கெச்சம் கல்லூரிக் கூடைப்பந்து ஆடியது மொத்தம் பதினோரு நிமிடம். அதுவும் இரண்டு வருடத்தில். மீதி நேரமெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து, ஆடிவிட்டு வந்தவர்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தார். பிறகு அவருடைய அப்பா இறந்துபோக, ஹாப்ஸ்வில்லுக்கே திரும்பிவந்து சவ அடக்கம் செய்யும் குடும்பத் தொழிலை ஏற்றுக்கொண்டார். இருபத்தேழு வருடமாக எங்கள் ஊரில் யார் செத்தாலும் கடைசியாகத் தலை வாரிவிடுவது அவர்தான்.

இந்த மனிதரிடம்தான் கல்லூரிக் கோச்சுகள் ஃபோன் போட்டு, "இந்தப் பையன் எங்ககிட்ட தேறுவானா?" என்று கேட்பார்கள்.

காரணம் இருந்தது. திங்கள், புதன், வெள்ளி மதியம் மெதடிஸ்ட் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஜிம்மில் நாங்கள் பத்துப் பேர் ஆடுவோம். பேங்க் மேனேஜர், விதைக் கடைக்காரர், இரண்டு வாத்தியார்கள், பிளம்பராகிய நான், இப்படி. கூடைக்கு இரண்டடி பின்னால் சுவர். வேகமாக வந்தால் சுவரில் போய்த்தான் நிற்க வேண்டும். வெர்லனுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. தொப்பை, கறுப்பு சாக்ஸ், வழுக்கையில் வியர்வை. அவர் ஓடுவதை ஓட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவரைத் தாண்டிப் போவது மட்டும் முடியாது.

வித்தை ரொம்பச் சின்னது. எதிரே வருகிறவன் வலக்கைக்காரன் என்றால், அரை அடி அந்தப் பக்கமாக நகர்ந்து நின்றுகொள்வார். அவனுக்கு இடப்பக்கம் மட்டும்தான் மிச்சம். பள்ளிக்கூடத்துக் கார்டுகளில், அதாவது பந்தைத் தட்டிக்கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துகிற பையன்களில், பத்தில் ஒன்பது பேருக்கு இடது கை இருப்பதே மறந்துபோயிருக்கும். போதாததற்கு, துக்க வீட்டாரிடம் பேசும் அதே பஞ்சுக் குரலில், "தம்பி, வீட்ல தாத்தா சௌக்கியமா இருக்காரா?" என்று விசாரிப்பார். கிண்டல் கிடையாது, அக்கறையாகத்தான் கேட்பார். பையன் ஒரு கணம் தாத்தாவை நினைப்பான். அதற்குள் பந்து வெர்லன் கையில் இருக்கும்.

இரண்டு மணி நேரம் வடக்கே இருக்கிற ஹாலோவெல் கல்லூரியின் உதவிக் கோச் ஃபில் ராடமாக்கர் இதை ஒருநாள் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து இந்தப் பக்கத்துக் கார்டு எவன்மீதாவது அவருக்குக் கண் விழுந்தால், அவன் எங்கள் மதிய ஆட்டத்துக்கு வந்து சேருவான். பதினைந்து வருடத்தில் பதினான்கு பேர் வந்தார்கள். இரண்டு பேர் வெர்லனைத் தாண்டினார்கள், கல்லூரியிலும் நன்றாக ஆடினார்கள். பன்னிரண்டு பேரால் முடியவில்லை. அதில் ஒருவனை ராடமாக்கர் மனசு கேட்காமல் எடுத்துக்கொண்டார். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்த அந்தப் பையன் திரும்பிப் போகவே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் கோல்பி ரவுஷ் வந்தான்.

எங்கள் ஊர் ஜனத்தொகை இரண்டாயிரத்து அறுநூறு. பள்ளி ஜிம்மில் நாலாயிரம் பேர் உட்காரலாம். கோல்பி ஆடிய வருடம் அது நிரம்பியது. ஆட்டத்துக்கு இருபத்தொன்பது புள்ளி எடுத்தான். டோனட் கடையில் அவனுக்குக் காசு வாங்க மாட்டார்கள். ஷெரீஃப் அவன் காரை நிறுத்தினால், இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் நிறுத்துவார்.

ஏப்ரலில், சீசன் முடிந்த பிறகு, ராடமாக்கர் ஃபோன் செய்தார். நாங்கள் அப்போது லூசில் உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"இருபத்தொன்பது எடுக்கிறான், சரி," என்று வெர்லன் ஃபோனில் சொல்வது கேட்டது. "யாருக்கு எதிரா எடுக்கிறான்? பால் கறந்துட்டு வந்து ஆடுற பசங்களுக்கு எதிரா. உங்க காலேஜ்ல எதிர்ல நிக்கிறவன் ஒவ்வொருத்தனும் அவன் ஊர்ல ஒரு கோல்பி. சரி, அனுப்பு."

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் சாலையைக் கடந்து கோல்பி வந்தான். வாயில் சூயிங்கம். வெர்லனின் கறுப்பு சாக்ஸை ஒரு முறை பார்த்தான், என்னைப் பார்த்து, "இவரா?" என்றான்.

"இவர்தான்."

"அடிகிடி பட்டுதுன்னா என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

நாற்பது நிமிடம் ஆடினோம். கோல்பி வலப்பக்கம் போனான், அங்கே வெர்லன் இருந்தார். மறுபடியும் போனான், அங்கேயே இருந்தார். ஒருமுறை இடப்பக்கம் திரும்பியவன் பந்தைத் தன் காலிலேயே தட்டி, மேடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த பாதிரியாரின் கோப்பைக்கு அனுப்பினான். அவன் எடுத்தது நாலு புள்ளி. அந்த நாலும் நான் காவல் நின்றபோது எடுத்தவை.

"உங்க தாத்தா வெண்டலுக்கு முழங்கால் தேவலையா?" என்று வெர்லன் நடுவில் கேட்டார்.

"ஆடும்போது எதுக்கு சார் தாத்தாவப் பத்திக் கேக்குறீங்க?"

"சர்ச்ல பாக்கலியேன்னு கேட்டேன்பா."

கோல்பி பந்தைச் சுவரில் எறிந்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனான்.

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் லூசில் உணவகத்தில், வெண்டல் ரவுஷ் எங்கள் மேஜைக்கு முன்னால் தடியை ஊன்றி நின்றார். எண்பத்துநாலு வயது. தன் சவப்பெட்டி, பாட்டு, தூக்கும் ஆட்கள் எல்லாவற்றையும் வெர்லனிடம் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருப்பவர்.

"வெர்லன், என் பேரனோட வாழ்க்கையில மண்ணள்ளிப் போடுறியா?"

"நான் சும்மா நின்னேன் வெண்டல். அவன்தான் தாண்டல."

"என் பெட்டிய ரத்து பண்ணு. நான் ப்ரூயிட்கிட்ட போறேன்."

ப்ரூயிட் பக்கத்து ஊரில் இதே தொழில் செய்பவர். வெர்லனுக்கு ஆகாதவர்.

"ப்ரூயிட் உனக்கு நடு வகிடு எடுத்துருவான். அவனுக்கு எல்லாரும் ஒண்ணுதான்," என்றார் வெர்லன்.

வெண்டல் தலையைத் தடவிக்கொண்டே போய்விட்டார். ஆனால் அந்த வாரம் மட்டும் ஆறு பேர் ப்ரூயிட்டிடம் மாறப்போவதாகச் சொன்னார்கள். வெர்லனின் மனைவி மார்செல்லா என்னிடமே கேட்டாள்: "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவனைத் தாண்ட விட்டா இவருக்கு என்ன குறைஞ்சிரும்? சாகுறவங்க பூரா அடுத்த ஊருக்குப் போய்ட்டா நாங்க என்ன பண்றது?"

வெர்லன் அதை யோசிக்காமல் இல்லை. "விட்டுடலாம்," என்றார் என்னிடம், வேனில் வரும்போது. "ஆனா அங்க போய் அவன் ரெண்டு வருஷம் துண்டு எடுத்துக் கொடுத்துட்டு நிப்பான். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

புதன்கிழமை யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. கோல்பி மறுபடியும் வந்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, யாருக்கும் வணக்கம் சொல்லாமல், ஷூ கயிற்றைக் கட்டினான். அன்றும் தோற்றான். வெள்ளிக்கிழமையும் வந்தான். மூன்று வாரம் ஒருநாள்கூட விடவில்லை. யாரிடமும் யோசனை கேட்கவில்லை. வெர்லனிடம் பேசவே இல்லை. முதல் வாரம் முட்டிக்கொண்டே இருந்தான். இரண்டாவது வாரம், தன்னால் போக முடியாது என்று தெரிந்ததும் பந்தை விதைக் கடைக்காரருக்குக் கொடுத்தான். அவர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பன்னிரண்டு புள்ளி எடுத்து, அதை மனைவிக்கு ஃபோன் செய்து சொன்னார். மூன்றாவது வாரம், தாத்தா விசாரிப்பு வந்தபோது கோல்பி பந்தைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "சௌக்கியமா இருக்கார் சார். உங்க பெட்டி இன்னும் நாலஞ்சு வருஷம் காத்திருக்கணும்னு சொல்லச் சொன்னார்."

வெர்லன் சிரித்துவிட்டார். அந்த ஒரு நொடியில் பையன் கொஞ்சம் முன்னேறினான். ஆனால் தாண்டவில்லை.

அந்த வாரக் கடைசியில், மே முதல் வெள்ளியன்று, ராடமாக்கரே நேரில் பார்க்க வந்தார். வெர்லன் ஒரு அடக்கத்தை முடித்துவிட்டு, சவ ஊர்தியை ஜிம் வாசலிலேயே நிறுத்திவிட்டு ஓடிவந்தார். கோட்டை ஆணியில் மாட்டி, அரைக்கால் சட்டைக்கு மாறினார்.

அன்றைய கடைசி ஆட்டம். இரண்டு பக்கமும் சமம். கோல்பி வலப்பக்கம் தோளைக் காட்டினான். வெர்லன் அசையவில்லை. பந்தை இடது கைக்கு மாற்றி, ஒரே எட்டில் இடப்பக்கமாகப் பாய்ந்தான். வெர்லன் காலை எடுத்து வைத்தார். பலகை முறிவது போல ஒரு சத்தம். அவர் கீழே கிடந்தார். கோல்பி இடது கையாலேயே பந்தைக் கூடைக்குள் போட்டு, சுவரில் மோதித் திரும்பி, தரையில் கிடப்பவரைப் பார்த்தான்.

"இது கணக்குல உண்டுல்ல?" என்றான்.

குதிகால் நரம்பு அறுந்துபோயிருந்தது. ராடமாக்கர் அவர் பக்கத்தில் மண்டியிட்டார்.

"வெர்லன், வலி ரொம்பவா?"

"ஆமா."

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அவன் தாண்டினது நரம்பு அறுந்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பேங்க் மேனேஜர் முன்னாடி என்றார். வாத்தியார்கள் இருவரும் பின்னாடி என்றார்கள். எனக்குச் சத்தம்தான் முதலில் கேட்டது, ஆனால் நான் நின்றது தூரத்தில். பாதிரியார் தான் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்ததாக ஒப்புக்கொண்டார். ஒரு மனிதர் தரையில் கிடக்க, நாங்கள் ஐந்து நிமிடம் இதையே பேசிக்கொண்டிருந்தோம்.

"யோவ், முதல்ல என்னைத் தூக்குங்கய்யா," என்றார் வெர்லன்.

ஆம்புலன்ஸ் மாவட்டத்தின் மறுமுனையில் இருந்தது, வர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். வாசலில் ஒரு வண்டி இருக்கத்தான் செய்தது. வெர்லனே, "அதுல படுக்க வசதியா இருக்கும்," என்றார். தூக்கி ஏற்றினோம். நான் ஓட்டினேன். கோல்பியும் ராடமாக்கரும் பின்னால் அவருக்கு இருபக்கமும் குந்திக்கொண்டார்கள்.

எங்கள் ஊரில் சவ ஊர்தி வந்தால் எதிரே வரும் கார்கள் ஓரம் கட்டி நிற்கும். அன்றும் நின்றன. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். லூசில் உணவக வாசலில் வெண்டல் ரவுஷ் நின்றிருந்தார். கண்ணாடி வழியாக உள்ளே வெர்லன் படுத்திருப்பதையும், பக்கத்தில் தன் பேரன் தலை குனிந்திருப்பதையும் பார்த்தார். தடி கையிலிருந்து விழுந்தது. அவருக்கு மரியாதை செய்ய வேண்டுமென்று வெர்லன் கையைத் தூக்கி அசைத்தார். வெண்டலுக்குப் பக்கத்தில் நின்ற தபால் அலுவலக அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பின்னால் நடந்த பேச்சு எனக்கு நன்றாகக் கேட்டது.

"நரம்பு எப்ப அறுந்துதுன்னு நரம்பைத்தான் கேக்கணும்," என்றார் வெர்லன். "ஆனா அவன் இடது பக்கம் போனான் ஃபில். மூணு வாரத்துக்கு முன்னாடி அவனுக்கு அந்தப் பக்கம் ஒண்ணு இருக்கறதே தெரியாது. வந்த பதினாலு பேர்ல எவனும் ரெண்டாவது நாள் வரல. இவன் எட்டு நாள் தோத்துட்டு ஒம்பதாவது நாளும் வந்தான். எடுத்துக்கோ."

"விழுந்தவரைத் தூக்காம, கணக்குல உண்டான்னு கேட்டானே. அது எனக்கு உறுத்துது."

"நான் காலேஜ்ல இருந்த ரெண்டு வருஷம் விழுந்தவன் ஒவ்வொருத்தனையும் ஓடிப்போய்த் தூக்கினேன். ரொம்ப நல்லவன்னு எல்லாரும் சொன்னாங்க. பதினோரு நிமிஷம் ஆடினேன்."

பிறகு கோல்பியின் குரல் கேட்டது.

"சாரி சார்."

"பரவால்லப்பா. உண்டு, கணக்குல உண்டு. காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடி."

வெண்டல் அன்று மாலையே மருத்துவமனைக்குப் பூங்கொத்தோடு வந்தார். வேறு யாருடைய அடக்கத்துக்கோ செய்த பூங்கொத்து, ரிப்பனை மட்டும் பிய்த்திருந்தார். ப்ரூயிட்டிடம் போகவில்லை என்றும், பக்க வகிடுதான் வேண்டுமென்றும் சொன்னார்.

கோல்பி ஹாலோவெல் போனான். முதல் வருடம் அவன் களத்தில் இருந்தது மொத்தம் முப்பத்தோரு நிமிடம். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது டோனட் கடையில் காசு வாங்கினார்கள். ஊரே முடிந்தது கதை என்றது. வெர்லன் ஒருநாள் கவலையோடு என்னிடம், "நான்தான் தப்பாச் சொல்லிட்டேனோ?" என்று கேட்டார். ஆனால் பையன் ஜனவரியில் திரும்பிப் போனான். இரண்டாம் வருடம் ஆட்டத்துக்குப் பத்து நிமிடம். கடைசி இரண்டு வருடம் ஆட்டத்தைத் தொடங்கும் முதல் ஐந்து பேரில் ஒருவன். எடுத்தது ஆட்டத்துக்கு ஆறு புள்ளிதான். அவன் பந்து கொடுத்துப் புள்ளி எடுத்தவர்கள்தான் நிறையப் பேர்.

கல்லூரியில் அவனுடைய கடைசி ஆட்டத்துக்கு வெர்லன், வெண்டல், நான் மூவரும் போனோம். வெண்டலுக்கு அப்போது எண்பத்தெட்டு. எதிரணியின் கார்டு வலப்பக்கமாகவே வந்துகொண்டிருந்தான். கோல்பி அரை அடி நகர்ந்து நின்று, அவனிடம் ஏதோ முணுமுணுத்தான். அந்தப் பையன் திகைத்துப்போய்ப் பந்தை விட்டான்.

"என்ன சொன்னான் அவன்?" என்று வெண்டல் கேட்டார்.

"தெரியல," என்றார் வெர்லன்.

"இருபத்தொன்பது எடுத்தவன். இப்ப ஆறு. இதுக்குப் பேரு ஜெயிக்கிறதா?"

வெர்லனோ பெஞ்சின் கடைசியில், துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒல்லிப் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும் கோல்பியிடம் போவதற்கு முன்னால், நொண்டிக்கொண்டே இறங்கிப் போய் அந்தப் பையனுடைய கையைக் குலுக்கினார். அவனுக்கு அவர் யாரென்றே தெரியாது.