நிபுணர் உட்கார்ந்த மூட்டை

என் கழுத்தில் தொங்கும் அட்டையில் "ஈரப்பதக் கட்டுப்பாட்டு நிபுணர்" என்று போட்டிருக்கிறார்கள். எனக்குக் கொட்டும் வேர்வையில் அதில் பாதி எழுத்து அழிந்துவிட்டது. சமையல் சோடா செய்யும் எங்கள் ஆலையில் ஈரமான பொருளையெல்லாம் வெளியேற்றுவது என்று யாராவது கிளம்பினால், முதலில் என்னைத்தான் தூக்கிப் போடவேண்டும்.

படித்தது வேதியியல். வேலை, சோடாப் பொடி மூட்டைக்குள் கட்டிதட்டாமல் பார்த்துக்கொள்வது. அதுவோ கல்லாகவே போய்க்கொண்டிருந்தது. பிஸ்கட் கம்பெனி ஒரு லோடைத் திருப்பி அனுப்பியிருந்தது. அடுத்ததும் கட்டியாக வந்தால் ஆர்டர் ரத்து. ஆர்டர் போனால் மூட்டை கட்டும் பிரிவையே மூடிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்தப் பிரிவின் மேஸ்திரி என் அக்கா.

"உன்னைப் படிக்க வெச்சதுக்குப் பதிலா ஒரு சுத்தியல் வாங்கியிருக்கலாம்டா. உடைச்சாவது அனுப்பியிருப்போம்," என்றாள்.

ரோஷம் வந்து, உலர்த்தும் மெஷினின் சூட்டைக் கூட்டினேன். சமையல் சோடா சலவைச் சோடாவாக மாறத் தொடங்கியது. துணிக்கு அருமையாக இருந்திருக்கும், பிஸ்கட்டுக்குத்தான் ஆகாது. பழையபடி குறைத்துவிட்டு, கட்டி பிடிக்காமலிருக்கக் கலக்கும் பொடியைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தேன். கட்டி மனம் மாறவில்லை.

மத்தியானம், புதிதாகக் கட்டிய மூட்டைமேல் உட்கார்ந்து சாப்பிடுவது என் வழக்கம். அந்த வெதுவெதுப்பு முதுகுவலிக்கு இதம். மூட்டை ஏன் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று நிபுணர் ஒருநாளும் கேட்டதில்லை. அன்று டப்பாவைத் திறந்தபோது மூடியின் உட்பக்கம் கோத்திருந்த தண்ணீர் மடியில் சொட்டியது. காலை அவசரத்தில் சூட்டோடு மூடிய சாப்பாடு. டப்பாவைப் பார்த்தேன். எழுந்து மூட்டையைப் பார்த்தேன்.

லாரி சீக்கிரம் கிளம்பவேண்டும் என்று, மெஷினிலிருந்து வந்த சூட்டோடேயே கட்டிவிடுவதுதான் எங்கள் பழக்கம். ஓடினேன்.

"அக்கா, நிறுத்து! பொடி ஆறட்டும்."

"லாரிக்காரன் ஹாரன் அடிச்சே காதைக் கிழிக்கிறான். ஆறட்டுமாம்! இதென்ன காப்பியா?"

"மூட்டைக்குள்ள வேர்க்குதுக்கா."

"உன்னை மாதிரியா?"

"என்னை மாதிரியேதான்."

அவள் என் சட்டையை மேலும் கீழும் பார்த்தாள். ஆதாரம் போதுமானதாக இருந்திருக்கவேண்டும். மூட்டை தைக்கும் மெஷினை அணைத்தாள். கட்டியதையெல்லாம் பிரித்து, பொடியை உலர்ந்த காற்று ஓடும் தொட்டியில் ஆறவிட்டோம். லாரி மறுநாள்தான் போனது. லோடு திரும்பி வரவில்லை. அக்காவின் பிரிவு இன்றும் ஓடுகிறது.

எனக்குப் புது அட்டை கொடுத்தார்கள். நிபுணருக்கு முன்னால் இப்போது "முதுநிலை" என்றும் இருக்கிறது. நான் செய்தது இவ்வளவுதான்: லாரிக்காரனிடம் திட்டு வாங்கிக்கொண்டு, பொடி ஆறும்வரை யாரையும் மூட்டை கட்ட விடாமல் நின்றேன்.