என் புகையிலையும் அவர் வாயும்

நான் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீஸுக்குள் பீடி போகாது. வாசலிலேயே ஆண்களின் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். வாயில் அதக்கும் புகையிலையை யாரும் தேடுவதில்லை, அது தீப்பிடிக்காதே. பல்வலி என்று நான் முனகிய ஒரு நாள், பக்கத்தில் குச்சி அடைத்துக்கொண்டிருந்த அக்கா ஒரு சிட்டிகைப் புகையிலைத் தூளை என் கன்னத்தில் வைத்துவிட்டாள். வலி போன பிறகும் நான் அதை விடவில்லை.

விடப் பார்க்காமல் இல்லை. கிராம்பு, சோம்பு எல்லாம் மென்றேன். மதியத்துக்குள் கை நடுங்கும், பிள்ளைகள் மேல் எரிந்து விழுவேன், சாயங்காலம் எட்டயபுரம் ரோட்டுப் பெட்டிக்கடையின் பின்பக்கம் போய் நிற்பேன். இந்த வருடம் ரசம் பட்டாலே வாய் எரிந்தது. கொட்டாவி விட்டால் தாடை பாதியில் நின்றது. செத்துப்போவேனோ என்று பயந்தேன். யாரிடம் சொல்வது? கரிசலில் உளுந்து போடும் என் வீட்டுக்காரர் வெற்றிலைகூடத் தொடாத மனுஷன். அவருக்குத் தெரிந்தால் அந்த வீட்டில் எப்படி நடமாடுவது?

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் புகையிலையை விட உதவும் அறை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, அரை நாள் லீவு போட்டுப் போனேன். பெஞ்சு நிறைய ஆம்பளைகள். மேஜையில் இருந்த பெண் நிமிர்ந்து, "வீட்டுக்காரருக்கா, அக்கா?" என்றாள். புத்தி கெட்டுப்போய் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

"அவியளக் கூட்டிட்டு வாங்க. வாயப் பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாது."

ஒரு பொய்யை மூட இன்னொன்று. அன்றைக்குச் சோறு போட்டுக்கொண்டே அவரிடம் சொன்னேன்: "கூட வேலை பாக்குற அக்காவுக்குப் புகையிலைய விட மருந்து வேணுமாம். உங்களுக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். ஒருக்கா வந்து உக்காருங்க."

"சரி, வாரேன்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

மறு வாரம் போனோம். "எப்பம்லாம் போடுதீங்க அண்ணாச்சி?" என்று அந்தப் பெண் கேட்டாள். நான் முந்திக்கொண்டு பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

"காலைல அடுப்பு பத்த வைக்கதுக்கு முன்ன. பிள்ளையள் பள்ளிக்கூடம் போனதும். பெறகு ராத்திரி ஏனம் கழுவும்போது."

"எங்க வச்சிருப்பீங்க?"

"உளுந்து டப்பால, அடியில."

நான் ஒளித்து வைக்கும் இடமேதான்.

"விட்டுப் பாத்தீங்களா?"

"நெறைய தடவ. கிராம்பு டப்பா காலியாவும். பிள்ளையள வஞ்சிட்டு, கொல்லையில போய் தனியா அழுகை." அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "எப்படியாது விட வச்சிருங்கம்மா."

அவள் டார்ச் அடித்து அவர் வாயைப் பார்த்தாள். ஒரு கறை இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"நீங்க தொறங்கக்கா. மூணு விரலைச் சேத்து நிமுத்தி உள்ள வைங்க. நல்ல வாயின்னா மூணும் போகணும்."

ஒரு விரல் போனது. இரண்டாவது பல்லில் இடித்தது. அழுத்தினேன், கண்ணீர்தான் வந்தது. பிள்ளைக்குச் சோறூட்டுகிறவர்கள் தாங்களும் வாய் திறப்பார்களே, அதுபோல என் எதிரே அவர் தன் வாயை அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டாவது விரல் போகவே இல்லை.