கரை சேராத என் மகனுக்காகப் பேச வந்தவர்

இந்தச் சாட்சியைச் சொல்ல எழுந்து நிற்கவே எனக்கு இவ்வளவு காலம் பிடித்தது. ஆண்டவர் நல்லவர் என்று சொல்லித் தொடங்க வேண்டும் என்பார்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் பெயர் மேரி. ஊர் பழவேற்காடு ஏரிக்குள் தீவாக இருக்கிற பசியாவரம். என் வீட்டுக்காரர் கோவிந்தன் மீன்பிடித் தொழில் செய்கிறவர், சபைக்கு வராதவர். எங்களுக்கு ஒரே மகன், அருள். ஏரியில் இறால் குறைந்துபோனதால் வெளிநாட்டு வேலைக்குப் போனான். நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் உதவியாள் வேலை. கரையிலிருந்து மேடைக்கு ஹெலிகாப்டரில் ஏற்றிப்போவார்கள். "படகுல வாந்தி எடுக்குறவன் கூட இதுல சொகமா குந்திக்கினு போலாம்மா. நைனாகிட்ட சொல்லு"ன்னு போனில் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் கடைசி.

பங்குனி மாதம் அந்த ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது. பழவேற்காட்டில் நண்டு விற்றுக்கொண்டிருந்தபோது எனக்குச் சேதி வந்தது. கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கடலில் போனவன் உடல் கரை ஒதுங்கும்வரை அவன் செத்தான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பேர் சொல்லி ஒப்பாரி வைக்கக் கூடாது. ஊரே தொழிலுக்குப் போகாமல் கரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். என் அருளுக்கும் அப்படித்தான் காத்திருந்தார்கள். அவன் விழுந்ததோ வேறு நாட்டுக் கடல். எந்தக் கரையைப் பார்ப்பது? பிறகு ஒவ்வொருவராகப் படகைத் தள்ளினார்கள். அவர்களும் சாப்பிட வேண்டுமே.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி ஆள் ஒருவர் வந்தார். கடலிலிருந்து எடுத்த உடல்களில் அடையாளம் தெரியாதவை இருக்கின்றன, தாய் தகப்பன் ரத்தம் கொடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார். என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார்.

"பையன் இன்னும் கரை சேரல. அதுக்குள்ள ரத்தம் குடுத்தா நாமளே அவன சாவடிச்ச மாதிரி. போய்யா."

எனக்கும் கை நீளவில்லை. எந்தத் தாய்க்கு நீளும்?

ஆடியில் இன்னொரு சேதி வந்தது. உரியவர் தெரியாத உடல்களை அந்த நாட்டிலேயே ஒரே இடத்தில், பேரில்லாமல் புதைக்கப் போகிறார்களாம். நாங்கள் சென்னை அலுவலகத்துக்கு ஓடினோம். "நீங்கதானே ரத்தம் குடுக்க மாட்டேன்னு சொன்னீங்க. எங்க வக்கீல் எல்லாத்தையும் முடிச்சிட்டாரு" என்றார்கள். உட்காரக்கூடச் சொல்லவில்லை. புயலில் படகைத் திருப்புகிற என் வீட்டுக்காரர் அந்தக் குளிர்ந்த அறையில் வாய் செத்துப்போய் நின்றார்.

திரும்பும்போது பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறை மதிலோரம் என் கால் நின்றுவிட்டது. கடல் தாண்டி வந்து இங்கே செத்தவனுக்குப் பேர் வெட்டிய கல் இருக்கிறது. எத்தனையோ தலைமுறையாக இருக்கிறது. இங்கிருந்து கடல் தாண்டிப் போன என் பிள்ளைக்குப் பேரில்லாத குழியா? அங்கேயே மண்ணில் உட்கார்ந்தேன். நான் செய்தது ஜெபமா சண்டையா என்று இன்றைக்கும் தெரியவில்லை. "அவனை உயிரோடு கேட்டேன், நீர் கொடுக்கவில்லை. எங்களுக்குப் பேசத் தெரியாது. பேசத் தெரிந்த ஒரு ஆளையாவது கொடும். அதுவும் இல்லையென்றால் இனி உம்மிடம் எதையும் கேட்க மாட்டேன்" என்றேன். சொன்னபடி செய்கிற பொம்பளை நான். அவருக்கும் அது தெரியும்.

அந்த வாரமே எங்கள் கரையில் ஒரு படகு வந்து நின்றது. மீஞ்சூரிலிருந்து செல்வி என்ற சின்னப் பெண். அவள் புருஷனும் அதே ஹெலிகாப்டரில் போனவன். கூடவே அவளுடைய வக்கீல், நஸ்ரின் என்பவர். எல்லாக் குடும்பங்களையும் சேர்த்து வழக்குப் போடத் தேடிக்கொண்டு வந்திருந்தார்கள். என் ஜெபத்துக்குப் பதிலாக ஒரு முஸ்லிம் வக்கீலம்மா சேற்றில் கால் புதைய நடந்து வந்தார். ஆண்டவர் யாரை அனுப்புவார் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது.

ஏன் ரத்தம் கொடுக்கவில்லை என்று வக்கீலம்மாவும் கேட்டார். என் வீட்டுக்காரர் தலை குனிந்தபடி ஊர் வழக்கத்தைச் சொன்னார். வக்கீலம்மா சிரிக்கவில்லை.

"இத நீங்க கம்பெனிகிட்ட சொன்னீங்களாய்யா?"

"இன்னான்னு சொல்றது? யாரும் கேக்கலியே."

"நான் சொல்றேன். நீங்க புள்ளைய வேணாம்னு சொல்லல, காத்துக்கினு இருந்தீங்க. அது வேற, இது வேற."

அதைத்தான் அவர் நீதிமன்றத்தில் சொன்னார். ஊர்ப் பெரியவர்களை அழைத்துப்போய் வழக்கத்தைச் சாட்சியாகச் சொல்ல வைத்தார். கம்பெனி வக்கீல் அது மூடநம்பிக்கை என்றார். நீதிபதி இரு பக்கமும் கேட்டார். அந்த நாட்டோடு பேசி அடக்கத்தை நிறுத்திவைக்க அரசாங்கத்துக்கு உத்தரவு போட்டார். அங்கே குழி தோண்டியாகிவிட்டது என்று பிறகுதான் கேள்விப்பட்டேன்.

ரத்தம் எடுக்கிற அன்றைக்கு என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்து கையை நீட்டினார். நீட்டிக்கொண்டே, "அருளு"ன்னு பேர் சொல்லி அழுதார். அதுவரை அவர் அழவே இல்லை. அப்போதுதான் எனக்கும் மகன் செத்துப்போனான்.

ரத்தம் ஒத்துப்போய், கார்த்திகையில் அவன் வந்தான். ஆணி அடித்த பெட்டியில். திறக்க வேண்டாம் என்றார்கள், திறக்கவில்லை. பழவேற்காட்டிலிருந்து படகில் கொண்டுவந்தோம். அன்றைக்கு ஏரியில் ஒரு வலைகூட இறங்கவில்லை. எல்லாப் படகும் கரையில் நின்றன. அவன் கரை சேர்ந்துவிட்டான் என்று ஊர் ஒத்துக்கொண்டது.

ஹெலிகாப்டர் ஏன் விழுந்தது என்ற வழக்கு இன்னும் நடக்கிறது. வக்கீலம்மாதான் பேசுகிறார். என் வீட்டுக்காரர் ஒரு வாய்தாவையும் தவறவிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னைப் படகில் இங்கே கொண்டுவந்து விடுகிறார். உள்ளே வரமாட்டார். திரும்பிப் போகும்போது, "எனக்கும் சேத்து வேண்டிக்கினியா?"ன்னு மட்டும் கேட்கிறார். இதற்குமுன் ஒருநாளும் கேட்டதில்லை.

நான் முதலில் கேட்டது கிடைத்ததா என்றால், இல்லை. என் பிள்ளை உயிரோடு வரவில்லை. சாட்சி சொல்லுகிற இடத்தில் நின்று பொய் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் போன் அடித்தால் அவன்தான் என்று ஓடுகிறேன். ஆனால் உங்களில் யாருக்காவது பேச வாயில்லாமல் போயிருந்தால், சண்டை போட்டாவது அவரிடம் கேளுங்கள். தனியாகக் கேட்கப் பயமென்றால் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள், சேர்ந்து கேட்போம்.

உன் மகன் எங்கே என்று யாராவது கேட்டால் கை நீட்டிக் காட்ட எனக்கு ஓர் இடம் இருக்கிறது. அங்கே அவன் பேர் எழுதியிருக்கிறது. ஆண்டவர் நல்லவர்.