பெரிய எழுத்து அலமாரி

அந்த நூலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. புத்தகம் வாங்கும் பிரிவில் தலை நரைக்கும்வரை உட்கார்ந்திருந்ததால் அவள் 'ஆர்டர் அக்கா'. எந்தப் புதுப் புத்தகமும் அவள் கையைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். அது ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் கணினியில் தேடுவாள். இல்லையென்றால் ஆர்டர் போடுவாள். போட்ட நொடியே வாசகர்கள் தேடும் பக்கத்தில் 'வரவிருக்கிறது' என்று காட்டும். பெட்டி வந்ததும் பிரித்து, பார்கோடு ஒட்டி, 'வந்தது' என்று மாற்றுவாள். ஆர்டர், வரவு, இரவல் எல்லாமே ஒரே மென்பொருளுக்குள். அதை அவள் கரைத்துக் குடித்தவள் என்று எல்லோரும் சொன்னார்கள். கரைத்துக் குடித்து என்ன கிழித்தாள் என்பதுதான் கதை.

அவளுக்கு ஓர் அண்ணன். அச்சகத்தில் பிழை திருத்தியே கண்ணைத் தொலைத்தவர். கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாமல் தங்கை வீட்டு முன்னறையில் இருந்தார். சாதாரண எழுத்து அவருக்கு எறும்பு ஊர்வதுபோலத்தான் தெரியும். பெரிய எழுத்தில் அச்சடித்த புத்தகம் என்றால் மட்டும், ஜன்னலோர வெளிச்சத்தில் வைத்து மெல்ல மெல்லப் படித்துவிடுவார். அந்தப் புத்தகங்களுக்கு நூலகத்தில் ஒரு நிரந்தர ஆர்டர் இருந்தது. நிறுத்தச் சொல்லும்வரை மாதாமாதம் வந்துகொண்டே இருக்கும். காலையில் நூலகம் திறக்கும்போது போவார், மத்தியானம் சாப்பாட்டுக்குத் திரும்புவார். இந்த உலகத்தில் அவருக்கென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

ஆனால் உறுப்பினர் அட்டை மட்டும் அவருக்கு அவள் எடுத்துத் தரவில்லை. அதில் அவளுக்கு ஒரு வீம்பு.

"ஆர்டர் போடறவளோட அண்ணனே வாரி வாரி எடுத்துட்டுப் போறார்னு நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசுவாங்கண்ணே. நீ அங்கயே உக்காந்து படி. படிச்சதை எடுத்த எடத்துலயே வச்சிடு. உன்னால யாருக்கும் ஒரு வேலை இருக்கக் கூடாது."

"சரிம்மா," என்றார் அவர். பிழை திருத்திப் பழகிய மனுஷன், சும்மா இருப்பாரா? வரிசை எண் பிசகாமல் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் சொருகிவிட்டுத்தான் கிளம்புவார்.

புதிதாக வந்திருந்த தலைமை நூலகர் ஒருநாள் அவளைக் கூப்பிட்டார். திரையில் ஓர் அறிக்கை திறந்திருந்தது.

"அக்கா, இந்தப் பெரிய எழுத்து ஆர்டரை நிறுத்திடலாம். மூணு வருஷமா ஒருத்தரும் தொடலை. வெளிய எடுத்துட்டுப் போகவும் இல்லை, உள்ள படிக்கவும் இல்லை. அலமாரியை எடுத்துட்டு அங்க கம்ப்யூட்டர் போட்டா நாலு பேர் உக்காருவாங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ சார், தினமும் படிக்கிறாங்க!"

"யாரு?"

நாக்கு நுனிவரை வந்ததை ஒருமுறை விழுங்கிப் பார்த்தாள். முடியவில்லை. "எங்க அண்ணன்."

தலைமை நூலகர் கெட்டவர் இல்லை. நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தார். "அப்படின்னா கணக்குல வந்திருக்கணுமே? மேசையில கெடக்கிற புத்தகத்தை எல்லாம் சாயங்காலம் ஸ்கேன் பண்ணிட்டுத்தானே அடுக்கறாங்க?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. புது மென்பொருள் வந்த நாளிலிருந்து அதுதான் வழக்கம். மேசையில் கிடப்பது படிக்கப்பட்ட புத்தகம். அலமாரியில் நிற்பது படிக்கப்படாத புத்தகம். 'படித்தவற்றை மேசையிலேயே விட்டுச் செல்லவும்' என்று மேசைக்கு மேசை ஒட்டியும் இருந்தார்கள், பொடி எழுத்தில்! அண்ணன் கண்ணுக்கு அது எங்கே தெரியப்போகிறது? தெரிந்த தங்கைக்கும் அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. அத்தனை வருஷம் அங்கே உட்கார்ந்து படித்த ஒரு மனிதரை, அங்கே வந்ததே இல்லை என்று அவளே ஆக்கி வைத்திருந்தாள்.

"என் தப்புதான் சார். நான்தான் எடுத்த எடத்துல வைக்கச் சொன்னேன். இனிமே மேசையில விடச் சொல்றேன். ஒரு வருஷம் பாருங்க சார்."

"பார்த்தாலும் ஒருத்தர்தானேக்கா? அதுவும் உங்க அண்ணன். கமிட்டியில கேட்டா என்னன்னு சொல்றது? ஆர்டர் அக்கா வீட்டு ஆளுக்காக வாங்கறோம்னா?"

எந்தப் பேச்சுக்குப் பயந்து அட்டைகூட எடுக்காமல் இருந்தாளோ, அதே பேச்சு. இதற்கு அண்ணன் கை நிறைய வீட்டுக்கே அள்ளிக் கொடுத்திருக்கலாம். இரவல் கணக்காவது ஏறியிருக்கும். நல்ல பேராம், நல்ல பேர்! தூக்கி உடைப்பில் போட.

ஆர்டரை நிறுத்தவேண்டியதும் அவள்தான். வேறு யாருடைய கடவுச்சொல்லுக்கும் அந்த அனுமதி கிடையாது. காரணம் கேட்டது கணினி. அதுவே நாலைந்து காரணங்களை வைத்திருந்தது. 'பயன்பாடு இல்லை' என்பதைத் தொட்டாள். அடுத்த மாதப் புத்தகங்களின் மேல் இருந்த 'வரவிருக்கிறது' ஒவ்வொன்றாக மறைந்தது. கை தன்பாட்டில் செய்து முடித்தது, அவ்வளவு பழக்கம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் அண்ணனிடம் சொல்லிவிட்டாள்.

"அண்ணே, பெரிய எழுத்துப் புத்தகம் இனி வராது. இருக்கிற அலமாரியையும் எடுக்கறாங்க."

"ஏம்மா?"

"யாருமே படிக்கலைன்னு கணக்கு சொல்லுது."

"நான் படிச்சேனே?"

அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. மேசை, ஸ்கேன், தன் வீம்பு, தான் தொட்ட காரணம் என்று எல்லாவற்றையும் கொட்டினாள். திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"விடும்மா, நீ என்ன வேணும்னேவா செஞ்சே?"

அது இன்னும் சுட்டது. "ஜன்னலோர மேசை அங்கயேதாண்ணே இருக்கும். நீ எப்பவும் போல நாளைக்கு வா."

"வந்து?" என்றார்.

கோபமாகக் கேட்டிருந்தால் அவள் அழுதாவது தீர்த்திருப்பாள். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.