பழைய விளக்கு வராமல் புதுசு கிடையாது

"ஒடஞ்சதக் கொண்டா சாமி. அப்புறம் புதுசப் பத்திப் பேசலாம்."

கையை நீட்டியபடி உட்கார்ந்திருக்கிறாள் சென்னியம்மாள். எதிரே அன்பரசு தலையில் அடித்துக்கொள்கிறான். அவன் கேட்பது ஒரு கோடாலி. நிஜக் கோடாலி இல்லை, பகடை உருட்டி ஆடுகிற ஒரு கதைக்குள் இருக்கிற கோடாலி. போன வாரம் கல் பூதத்தின் மண்டையில் போட்டதில் பழையது இரண்டாகப் போய்விட்டது. கூட்டத்தின் பொதுப் பையில் புதுசு ஒன்று சும்மா கிடக்கிறது. ஆனாலும் பழசின் இரும்பு கைக்கு வராமல் புதுசை இறக்க மாட்டாள்.

"அக்கா, உசுரு பொழச்சாப் போதும்னு ஓடியாந்தேனுங்க. இரும்ப எங்க பொறுக்குறது?"

"ஏன், உங்கூட்டு மரத்துல காய்க்குதா இரும்பு? போயி எடுத்துட்டு வா."

அன்பரசு போனான். கதைக்குள்ளேயே திரும்பி நடந்து, பூதம் கண்ணசந்த நேரமாகப் பார்த்துப் பகடையை உருட்டி, இரும்புத் துண்டைக் கொண்டுவந்து சேர்த்தான். அன்றைய ஆட்டம் அதற்கே சரியாகப் போயிற்று.

தண்ணீருக்குத் துளை போடுகிற ரிக் வண்டி என்றால் அது எங்கள் திருச்செங்கோடுதான். எந்த மாநிலத்தில் எந்தக் காட்டில் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், பாறையைக் குடைந்துகொண்டு நிற்கிற வண்டியில் எங்கள் ஊர்ப் பெயர் எழுதியிருக்கும். அப்படி ஒரு கம்பெனியின் ஸ்டோரைக் கட்டி ஆள்பவள் சென்னியம்மாள். கூட்டிப் பெருக்க வந்தவள், சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். அஞ்சாம் வகுப்புத்தானே என்று எவனும் இளக்காரம் பேச வேண்டாம். இந்த ஊரில் வண்டி வாங்கி நிமிர்ந்தவர்களில் பாதிப் பேர் அந்த அஞ்சைக்கூடத் தாண்டாதவர்கள்தான்.

ஸ்டோரில் அவள் சட்டம் ஒன்றே ஒன்று. பாறையைக் கொத்துகிற பிட்டு தேய்ந்துபோனால் தேய்ந்த பிட்டைக் கொண்டுவந்து ஜன்னலில் வை, புதுசை வாங்கிக்கொண்டு போ. கையுறை கிழிந்தால் கிழிசலைக் காட்டு. முதலாளியின் மருமகனே டார்ச்சுக்குப் பேட்டரி கேட்டு வந்தபோது, "பழைய பேட்டரி எங்கீங்க மாப்பிள்ளை?" என்று கையை நீட்டியவள்.

அதே கம்பெனியில் கணக்கு எழுதுகிற கௌதமன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்டோர் மாடியில் ஒரு ஆட்டம் நடத்துகிறான். அவன் கதை சொல்வான். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம். மோனிஷா மருத்துவச்சி, அன்பரசு கோடாலிக்காரன், முபஷிர் முன்னால் போய் இருட்டுக்குள் எட்டிப் பார்க்கிறவன். குகைக்குள் போவார்கள், பூதத்தோடு மோதுவார்கள், புதையல் எடுப்பார்கள். ஜெயிப்பதும் தோற்பதும் இருபது முகம் கொண்ட பகடையின் கையில். இதற்கு வெளிநாட்டில் என்ன பேரோ, நமக்கு எதற்கு. ராத்திரி முழுக்கக் கூத்துப் பார்த்த சனம் நாம், வேஷம் கட்டுவது நமக்குப் புதுசா?

மாடிச் சாவி சென்னியம்மாளிடம். ஆட்டம் முடிந்தால்தான் பூட்ட முடியும் என்று மூலையில் மொச்சை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் கதையில் ஆள்விழுங்கிக் கிணற்றின் விளிம்பில் நின்றுகொண்டு, கயிறு யாரிடம் இருக்கிறது என்று மூன்று பேரும் சண்டை பிடித்தார்கள். உன்னிடம் இருந்தது, இல்லை உன்னிடம் என்று ஒரே கூச்சல். மொச்சைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"எந்தச் சாமான் யாரு கையில இருக்குதுன்னு தெரியாம எந்த மூஞ்சியோட பொதையலெடுக்கப் போறீங்க? கொண்டா அதை."

சாமான் பட்டியல் இருந்த கௌதமனின் டேப்லெட்டைக் கையில் வாங்கியதோடு சரி, இன்று வரை திருப்பித் தரவில்லை.

எழுத்துக்கூட்டி அடிக்கிற பொறுமை அவளுக்கு இல்லை. டேபை வாயருகே பிடித்துக்கொண்டு பேசுவாள்: "கயிறு, அம்பதடி, மோனிஷா கையில." அதுவே எழுதிக்கொள்ளும். ஒவ்வொரு சாமானுக்கும் எடை உண்டு. ஒருவன் தாங்குகிற பாரத்துக்கு மேல் போனால் பட்டியலில் அவன் கட்டம் சிவந்துவிடும். "வண்டி படுத்துருச்சு, இறக்கு" என்பாள். கட்டத்தைத் திருத்துகிற உரிமை அவளுக்கு மட்டும், மற்றவர்கள் பார்க்கலாம், தொட முடியாது. இந்த ஆட்டத்துக்கென்றே வாளும் கேடயமும் படம் போட்ட ஆப் ஒன்றைக் கௌதமன் காசு கட்டி இறக்கிக் காட்டினான். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "நெம்ப அழகாத்தான் இருக்குது. பழசு வாங்கி வெக்கறதுக்கு எடம் எங்க?" என்றாள். இடம் இல்லை. ஆப்பைத் தூக்கிவிட்டார்கள்.

அவளுடைய பட்டியலின் அடியில் உடைந்த வாள், ஓட்டைக் கேடயம், காலி மருந்துக் குப்பி எல்லாம் வரிசையாகக் கிடக்கும். "அக்கா நடத்துற காயலான் கடை" என்பாள் மோனிஷா. "சிரி கண்ணு, சிரி. ஒரு நாளைக்கு அந்தக் குப்பி வேணும்னு எங்கிட்டத்தான் வருவ."

தகராறு வந்தது ஒரு விளக்கால்.

முபஷிர் சேலத்துப் பையன், ரிக் வண்டியில் ராடு மாட்டுகிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதையில் கூட்டம் எரித்துக்கொண்டிருந்த விளக்கை வாங்கிக்கொண்டு சுரங்கத்துக்குள் தவழ்ந்து போனான். மிச்சத்தை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று ஆட்டத்தை நிறுத்தினார்கள். மறுநாள் வண்டி சத்தீஸ்கருக்குக் கிளம்பிவிட்டது, அவனும் ஏறிப் போனான். மாதக்கணக்கில் ஆள் வரவில்லை. விளக்கு அவன் பெயரிலேயே நின்றது.

பொதுப் பையில் புது விளக்கு இருந்தது. இறக்க மாட்டேன் என்றுவிட்டாள். அதிலிருந்து கூட்டம் இருட்டில் நடக்கிறது. சுவரைத் தடவித் தடவிப் போகிறார்கள். மோனிஷா பாம்புக் குழிக்குள் விழுந்தாள். அன்பரசு பூதம் என்று நினைத்துத் தூணை வெட்டினான். முபஷிரின் நாற்காலியில் சென்னியம்மாளின் சாப்பாட்டுக் கூடை உட்கார்ந்திருந்தது. வேறு யாரும் உட்காரப் போனால், "சாம்பார் கொட்டிரும், அக்கட்டால போ" என்பாள்.

கடைசியில் கௌதமன் பொறுமை இழந்தான். "அக்கா, முபஷிர் சுரங்கத்துலயே செத்துட்டான்னு வெச்சுக்கலாமுங்க. அவன் பேர எடுத்துட்டா விளக்குக் கணக்கும் முடிஞ்சுரும். சேந்துக்கறேன்னு ஒரு புள்ள கேட்டுட்டு இருக்குது."

"அந்தப் புள்ளைக்கு வேற நாற்காலி போடு. ஆளு ரோட்டுல இருக்கறப்பப் பேர அடிக்கற பழக்கம் எங்கிட்ட இல்ல."

அவள் வீம்புக்குச் சொல்லவில்லை. வண்டிக்குப் போகிற ஒவ்வொருவன் பெயரிலும் ஸ்டோரில் சாமான் நிற்கும். வேலையை விட்டு நிற்கிற அன்று எல்லாவற்றையும் ஒப்படைப்பான், அவள் பெயரை அடிப்பாள். எத்தனை பேரை அடித்திருக்கிறாள்! நேற்று வரை ஜன்னலில் சாய்ந்துகொண்டு டீ குடித்தவன், பெயர் அடித்த மறுநாள் கடைவீதியில் எதிரே வந்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடுவான். கொடுக்க வாங்க ஒன்றும் இல்லையென்றால் மனுசனுக்கு மனுசனிடம் என்ன வேலை என்பதுபோல.

அடுத்த ஞாயிறு கௌதமன் முபஷிருக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். பின்னால் கம்ப்ரசர் இரைச்சல்.

"அடிச்சிருங்கக்கா," என்றான் முபஷிர். "வேற கம்பெனில ஆப்பரேட்டர் வேலை தர்றாங்க. அடுத்த ட்ரிப்பு ராஜஸ்தான். நான் இனிமே எங்க அங்க வரப்போறேன்?"

சென்னியம்மாள் டேபைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"போன்ல எல்லாம் ரிட்டன் எடுக்கறதில்ல, சாமி. வெளக்க நேர்ல கொண்டாந்து குடு."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

முபஷிர் வந்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை, மாடிக்கும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் கீழே ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தான், கணக்கு முடிக்க. வெயிலில் கறுத்து, ஆள் ஒரு சுற்று இளைத்திருந்தான். ஹெல்மெட், ஸ்பேனர் செட், டார்ச்சு, பூட்சு என்று ஒவ்வொன்றாக ஜன்னல் பலகையில் வைத்தான். அவளும் ஒவ்வொன்றாகக் கையை நீட்டி வாங்கினாள். ஹெல்மெட்டின் வாரை இழுத்துப் பார்த்தாள். டார்ச்சைப் போட்டு அணைத்தாள்.

"ஆப்பரேட்டரா?"

"ஆமாங்கக்கா."

"நல்லா இரு. அந்தக் கம்பெனிக்காரன் ஸ்டோர்ல எப்படி, பழசு வாங்குறானா?"

"அங்க கேட்டாக் குடுத்துருவாங்க."

"வெளங்கும் கம்பெனி," என்றாள். கம்பெனி நோட்டில் அவன் பெயரை ஒரே கோடாக அடித்தாள். பேனாவை மூடினாள். அவன் போகவில்லை, காலை மாற்றி மாற்றி நின்றான். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவன்போல இரண்டு கையையும் குவித்து, காற்றில் அணையாமல் எதையோ ஏந்துகிற மாதிரி, ஜன்னலுக்குள் நீட்டினான்.

"இதையும் வாங்கிக்கங்கக்கா. அவங்க இருட்டுலயே நடக்கறாங்களாமே. அந்த விளக்கு."

வெறும் கைதான். சென்னியம்மாள் அந்தக் கையையே பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அது மாடிச் சாமான். ஞாயித்துக்கெழமதான் வாங்குவேன்."

"ஞாயித்துக்கெழமை நான்…"

"இந்த வாரம் இல்லீன்னா அடுத்த வாரம். ராஜஸ்தான் போயிட்டு வந்துதான் குடேன், யாரு வேண்டாங்குறா?"

அவன் கையை மடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டினான். ஆயுசு பூராவும் எதிரே நின்றவனிடம் பழசைக் கொடு என்று கை நீட்டியே பழகிய சென்னியம்மாள், தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.