அந்தோணியம்மா தடுத்த ரத்தம்

கோலா சாவா ஊரிலிருந்து நோயாளிகளை ஏற்றி வந்த லோரிக்காரர்தான் சொன்னார்: "அந்தோணியம்மா காலையில தவறிட்டாங்க, டிரெஸ்ஸர்." அவசரகால ஊரடங்குக்கு முன் அடக்கம் முடிய வேண்டும் என்பது உத்தரவு. அவசர அவசரமாகப் புதைத்துவிட்டு வந்தோம். அங்கே பேச முடியாததை, அவரை அறிந்த உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருக்கும் ஆஸ்பத்திரியில் அவர் பெண்கள் வார்டு ஆயா. வார்டிலேயே கடைசிப் பதவி அவருடையது; குரல் மட்டும் எல்லோருக்கும் மேலே கேட்கும்.

முன்பு ஒருநாள், காட்டுச் சண்டையில் சுடப்பட்ட சிப்பாய்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். இடம் போதாமல் பெண்களைக் கட்டில் மாற்றிப் படுக்கவைத்தார்கள். வார்டில் முனியம்மா என்று இருவர். பெடாஸ் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்து முனியம்மாவுக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவருக்குப் பொருத்தம் பார்த்த ரத்தப் பாட்டிலோடு, சீட்டில் எழுதியிருந்த நாலாம் கட்டிலுக்குப் போனேன். அங்கே இருந்ததும் முனியம்மாதான், வெளிறிப்போய் மயக்கமாகக் கிடந்தார். ஊசியை எடுத்தேன்.

அந்தோணியம்மா ரத்தக்குழாயை மடக்கிப் பிடித்தார். "நில்லுங்க தம்பி. இது அந்த முனியம்மா இல்லலா. அது வராந்தாவுல கெடக்கு."

பின்னால் நின்ற வெள்ளைக்கார டாக்டர் துரை சீறினார். "உனக்குச் சீட்டு படிக்கத் தெரியுமா?"

"எழுத்து தெரியாது தொரை. ஆளு தெரியும்."

பிடித்த கையை அவர் விடவில்லை. கடைசியில் பாட்டில் வராந்தாவுக்குப் போனது. பிள்ளை பெற்றவள் பிழைத்தாள். மற்ற முனியம்மாவின் ரத்தத்தைச் சோதித்தோம். பிரிவே வேறு. ஏற்றியிருந்தால் என் கையாலேயே செத்திருப்பார்.

துரையை எதிர்த்த குற்றத்துக்கு அந்தோணியம்மாவைத் துணி வெளுக்கும் கொட்டகைக்குத் தள்ளினார்கள். நான் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது. அவரோ மன்னிப்புக் கேட்கவில்லை. பழைய போர்வைகளைப் பட்டை பட்டையாகக் கிழித்து எடுத்துக்கொண்டு வார்டுக்கே வந்தார்.

"எழுதுங்க தம்பி. பேரு, அப்பன் பேரு, தோட்டம். அவங்க வாயால சொல்லட்டும், மயங்கிக் கெடந்தா கூட வந்தவங்க சொல்லட்டும். மணிக்கட்டுல கட்டுங்க. கட்டிலு மாறும், கை மாறாது."

அன்றுமுதல் பட்டையைப் படிக்காமல் இங்கே யாருக்கும் ரத்தம் ஏற்றியதில்லை. யாரும் உத்தரவு போட்டு வந்த வழக்கமல்ல அது.

அடக்கம் முடிந்த மறுநாள் துரை வந்தார். பட்டை கட்டுவதெல்லாம் நேர விரயம், இனி வேண்டாம் என்றார்.

"யாரென்று தெரியாத கையில் ஊசி குத்தமாட்டேன், துரை" என்றேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

அந்தோணியம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வாய்தான். என்னையும் கொட்டகைக்கு அனுப்பட்டும். அங்கே கிழிக்கத் துணி நிறைய இருக்கிறது.