குளிசையால வந்த புழு

மிருக வைத்தியப் பகுதியில வெளிக்கள வேலை எண்டால், நாய் கடிக்க முதல் நாயின்ர சொந்தக்காரர் கடிப்பினம். வீடு வீடாய்ப் போய் நல்லதைச் சொல்லி ஏச்சு வாங்கிற ஆக்கள் ஆரும் இருந்தால், என்ர கவலை உங்களுக்கு விளங்கும்.

சொப்பிங் பேக்

அன்புவழிபுரத்தில மலர் அக்கா வீட்டுக்குப் போனன். அவவின்ர எட்டு வயசு மகள் யாழினி, நாய்க்குட்டியைப் பக்கத்தில வச்சுக்கொண்டு முற்றத்து மணலில சோறு கறி சமைச்சு விளையாடிக்கொண்டிருந்தாள். குட்டியின்ர வயிறு ஊதிக்கிடந்தது. "அக்கா, இதின்ர புழு முட்டை மணலில கிடக்கும். பிள்ளை கையை வாயில வச்சால் புழுக்குஞ்சு கண்ணுக்கும் போகும்" எண்டு சொல்லி, குட்டிக்கு ஒரு புழுமருந்துக் குளிசை குடுத்தன். மிச்சக் குளிசையைப் பிறகு குடுக்கச் சொல்லி வச்சிட்டு வந்தன்.

அடுத்த நாள் காலமை அவ ஒரு சொப்பிங் பேக்கோட கந்தோருக்கு வந்து, அதை என்ர மேசையில வச்சா. உள்ளுக்கு இடியப்பம் மாதிரிப் புழு. குளிசை வேலை செய்திட்டுது எண்டு எனக்கு ஒரே சந்தோசம். அக்காவின்ர முகத்தைப் பார்த்தாப் பிறகுதான் சங்கதி விளங்கினது. "வயித்துக்குள்ள இருந்ததுதான் அக்கா வெளியில வந்திருக்கு" எண்டன். எங்க கேட்டா?

"தம்பி, நேற்று வரைக்கும் இந்தக் குட்டியில ஒரு புழுவும் இல்லை. உங்கட குளிசை போட்டாப் பிறகுதான் வந்தது!"

யானை

அந்தக் கதை எனக்கு முதலே பஸ் ஏறித் தம்பலகாமத்துக்குப் போட்டுது. அங்க மாடு வளர்க்கிறவர் மலர் அக்காவின்ர தமையன். நான் புழுமருந்துப் போத்தலோட வாறதைக் கண்டிட்டு, மனுசன் மாட்டையெல்லாம் குளத்துக்கு அங்கால சாய்ச்சுக்கொண்டு போட்டார். வெயிலுக்குள்ள தேடிப் பிடிச்சு, "அண்ணை, கண்டுக்குட்டியள் எலும்பும் தோலுமாய் நிக்குது, பாருங்கோ" எண்டு கெஞ்சினன்.

"இந்தக் குளத்தில தண்ணி குடிக்கிற யானையளுக்கு ஆர் ஐயா புழுமருந்து குடுக்கிறது? அதுகள் என்ன மெலிஞ்சே போச்சுதுகள்?"

பப்பி

மனம் கேக்காமல் திரும்பவும் மலர் அக்கா வீட்டுக்குப் போனன். படலை பூட்டிக்கிடந்தது. நான் வச்சிட்டு வந்த குளிசையை அவ அண்டைக்கே குப்பையில போட்டிட்டா எண்டு பக்கத்து வீட்டில சொல்லிச்சினம். படலைக்கு அங்கால, அதே மணலில யாழினி. "குட்டியைத் தொட்டால் கையைக் கழுவு பிள்ளை" எண்டன். அவள் குட்டியை இன்னும் இறுக்கிக் கட்டிப்பிடிச்சாள்.

"போங்கோ மாமா, நீங்கள் பப்பிக்குப் புழு போட வந்தனீங்கள்!"

கண்

கொஞ்ச மாதம் போக, யாழினி இடது கண்ணைப் பொத்தினால் கரும்பலகை தெரியேல்லை எண்டு ரீச்சர் கண்டுபிடிச்சா. கண்ணாடி போட்டால் சரிவரும் எண்டு நினைச்சுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை. நாயின்ர புழுக்குஞ்சு வலது கண்ணுக்குள்ள போய்த் தழும்பாக்கிப் போட்டுது, போன பார்வை திரும்பாது எண்டு கண் டொக்டர் சொல்லிப்போட்டார்.

மலர் அக்கா திரும்பவும் கந்தோருக்கு வந்தா. கையில ஒண்டும் இல்லை. கதிரையைக் காட்டினன், இருக்கேல்லை.

"தம்பி, அந்தக் குளிசையை இப்ப பிள்ளைக்குக் குடுத்தால் கண் தெரியுமே?"

குளிசை போட்டு வெளியில வந்த புழுவை ஊருக்கே சொப்பிங் பேக்கில காட்டலாம். வராமல் தடுத்த புழுவைப் போட்டுக் காட்ட எனக்கு இண்டைக்கும் ஒரு பேக் கிடைக்கேல்லை.